இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஒரு தாலாட்டும்

"பெட்டிக்குள்ள என்னங்க?"

சேலத்திலிருந்து ஏற்காடு போகிற பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார். மடியிலும் நிற்காமல், காலடியிலும் அடங்காமல், பக்கத்து சீட்காரரின் முழங்காலை இடித்துக்கொண்டிருந்த என் கறுப்புப் பெட்டியைத்தான் கேட்டார்.

"சாக்ஸபோன்."

"கச்சேரிங்களா?"

"இல்லீங்க. கத்துக்கறேன்."

என் நரைத்த மீசையை ஒரு தடவை பார்த்தார். "லக்கேஜ் டிக்கெட் வேணாம். யார் காலையும் இடிக்காம வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அந்தச் சலுகை என் வயதுக்கா, வாத்தியத்துக்கா என்று இன்றுவரை தெரியவில்லை.

எனக்கு வயது 53. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகை மண்டியில் கணக்கு எழுதுகிறேன். ஒன்றரை வருடமாக, மாதத்தில் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை இந்தப் பெட்டியோடு மலையேறுகிறேன். ஏற்காடு போகிறவர்கள் ஏரியில் படகு விடுவார்கள், லேடீஸ் சீட்டில் நின்று சேலத்தின் விளக்குகளைப் பார்ப்பார்கள், பகோடா பாயிண்ட்டில் மிளகாய் பஜ்ஜி சாப்பிடுவார்கள். நான் அதையெல்லாம் தாண்டி, தலைச்சோலைக்குப் போகிறேன். அங்கே ஒரு காபித் தோட்டத்து ஓரத்தில் உட்கார்ந்து, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் தப்புத் தப்பாக ஊதிவிட்டு வருகிறேன்.

அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும். மொத்தம் 20. அவற்றை நான் மூச்சுப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு வளைவிலும் ஒரு முறை வயிறு நிறைய மூச்சை இழுத்து, மனசுக்குள் எண்ணியபடி மெதுவாக விடுவேன். முதல் ஞாயிறன்று எட்டு எண்ணுவதற்குள் மூச்சு தீர்ந்துபோனது. பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர், "வாந்தி வருதாங்க? எலுமிச்சம்பழம் வச்சிருக்கேன்" என்றார்.

அம்மாவின் காது

இந்த வயதில் இது எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். என் மனைவி கேட்டது இன்னும் நேரடியாக: "ஏங்க, இதென்ன புதுக் கூத்து?"

காரணம் என் அம்மா. அவருக்கு 79 வயது. மூன்று வருடங்களுக்கு முன் காது மந்தமாக ஆரம்பித்தது. முதலில் போனது குயில் சத்தம். அப்புறம் போன் மணி. அதற்கப்புறம் பேத்தியின் பேச்சு. "இவ ஏன் வாய்க்குள்ளயே பேசறா?" என்று கோபித்துக்கொள்வார்.

காது டாக்டர் பரிசோதனை செய்து ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். இடது பக்கம் நேராகத் தொடங்கிய கோடு, வலது பக்கம் போகப் போகச் சரிந்து இறங்கியது. இடது பக்கம் தாழ்ந்த ஒலிகள், வலது பக்கம் உயர்ந்த ஒலிகள். முதுமையில் வரும் காது மந்தம் பெரும்பாலும் உயர்ந்த ஒலிகளில்தான் தொடங்கும் என்றார். ஸ், ச், த் போன்ற மெய்யெழுத்துகளின் நுணுக்கமெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறதாம். அதனால் பேசுவது காதில் விழும், ஆனால் புரியாது.

காது மிஷின் வாங்கினோம். பழகுவதற்குச் சில வாரங்கள் ஆகும், விடாமல் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாவோ மிக்ஸி, ஃபேன், தெருவில் போகும் வண்டி எல்லாம் சேர்ந்து மண்டைக்குள் இரைகிறது என்று ஒரு மணி நேரத்தில் கழற்றி வைத்துவிடுவார். மெல்ல மெல்லப் பேச்சே குறைந்துவிட்டது. நாங்கள் சிரித்தால் அவரும் சிரிப்பார். எதற்கென்று அவருக்குத் தெரியாது.

அந்த வருடம் ஆடி மாதம் எங்கள் தெரு மாரியம்மன் பண்டிகைக்கு பேண்டு செட் வந்தது. அம்மா திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தார். சாக்ஸபோன் எடுத்துக்கொண்டதும் நிமிர்ந்தார். "டூயட் படத்துல பிரபு வாசிப்பானே, அதுதானே இது?" என்றார்.

ஒரு சத்தத்தைப் பற்றி அவராக வாய் திறந்து பேசிப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

அன்றிரவு போனில் தேடிப் படித்தேன். ஆல்ட்டோ சாக்ஸபோனின் சுரங்கள் விநாடிக்குச் சுமார் 140 அதிர்வில் தொடங்கி 830 வரை போகின்றன. அம்மாவின் தாளில் கோடு இன்னும் சரியாத பக்கம் அது. நாங்கள் பேசுவது புரியாத காதில், இந்த வாத்தியம் மட்டும் முழுசாக விழுகிறது.

அம்மா நன்றாகத் தாலாட்டுப் பாடுவார். எனக்குப் பாடினார், என் தங்கைக்குப் பாடினார், என் மகளுக்கும் பாடினார். ஐந்தே சுரத்துக்குள் சுற்றிச் சுற்றி வரும் மெட்டு. காது மந்தமான பிறகு பாடுவதை நிறுத்திவிட்டார். "என் குரல் எனக்கே கேக்கல கண்ணு. சுருதி எங்கயோ போவுது" என்றார். அந்தக் கோடு இன்னும் சரிவதற்குள் அந்தத் தாலாட்டை ஒருமுறை அவர் காதில் போட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான் என் திட்டம்.

அம்மாப்பேட்டையில் இடமில்லை

பேண்டு செட்டை விட்டுவிட்ட ஒருவரிடம் பழைய ஆல்ட்டோ ஒன்றை வாங்கினேன். விஜயதசமி அன்று, தெருவில் பிள்ளைகளுக்கு அரிசியில் அ, ஆ எழுதிப் பழக்கிக்கொண்டிருந்த வேளையில், நான் பூஜை அறை முன்னால் உட்கார்ந்து ஊதினேன். வந்தது யானையும் ஆட்டோ ஹாரனும் சேர்ந்த மாதிரி ஒரு சத்தம். மனைவி சமையலறையில் இருந்து கரண்டியோடு ஓடி வந்தாள்.

எங்கள் வீடு அம்மாப்பேட்டையில் ஒட்டு வீடு. இடது பக்கத்துச் சுவருக்கு அப்பால் தறி. வலது பக்கத்துச் சுவருக்கு அப்பால் பத்தாவது படிக்கும் பையன். நாலாவது நாள் அவனுடைய அம்மா வந்தார். "அண்ணே, தப்பா நினைச்சுக்காதீங்க. பையனுக்குப் பரீட்சை" என்றார். தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. எனக்கே கேட்க முடியவில்லை.

வாய்ப்பக்கத்தில் துண்டைத் திணித்து ஊதிப் பார்த்தேன். பிரயோஜனம் இல்லை. சாக்ஸபோனில் சத்தம் அந்தப் பெரிய வாய் வழியாக மட்டும் வருவதில்லை, உடம்பில் திறந்திருக்கிற துளைகள் எல்லாவற்றிலும் வருகிறது. பீரோவைத் திறந்து துணிகளுக்கு நடுவில் தலையை விட்டும் ஊதினேன். துணிகள் பாதிச் சத்தத்தைக் குடித்தன. மீதிப் பாதியும் பரீட்சைக்கு அதிகம்தான்.

வளர்ந்தவர்கள் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வதில் பெரிய சிக்கல் இதுதான் என்று நினைக்கிறேன். குழந்தை தப்பாக வாசித்தால் அழகு. ஐம்பது வயதுக்காரன் தப்பாக வாசித்தால் தொல்லை. கற்றுக்கொள்ள நேரத்தைக் கண்டுபிடித்துவிடலாம். வெட்கப்படாமல் தப்புச் செய்ய ஓர் இடம் கிடைப்பதுதான் கஷ்டம்.

பள்ளித் தோழன் ஒருவன் தலைச்சோலையில் ஒரு காபித் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறான். "வாடா, அங்க கேக்கறதுக்கு மரம்தான் இருக்கு" என்றான்.

சோலையின் தலையில்

தலைச்சோலை என்ற பெயரை முதலில் கேட்டபோதே பிடித்துவிட்டது. மலையுச்சி மடிப்புகளில் நெருங்கி வளர்கிற காட்டை நாம் சோலை என்கிறோம். ஆங்கிலேயர்கள் அதே சொல்லை 'ஷோலா' என்று எடுத்துக்கொண்டு உலகத் தாவரவியல் புத்தகங்களில் ஏற்றிவிட்டார்கள்.

ஏற்காடு ஊரே கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. வேகமாக நடந்தால் சீக்கிரம் இளைக்கும். ஊதுவதற்கு மூச்சுக் கற்றுக்கொள்ள வந்தவனுக்கு இப்படியோர் இடமா என்று முதலில் சிரிப்பாக இருந்தது.

தோட்டத்துக்குள் நுழைந்தால் வெள்ளி ஓக் மரங்கள் நெடுநெடுவென்று நிற்கும். ஒவ்வொரு மரத்திலும் மிளகுக் கொடி தலைவரை ஏறியிருக்கும். அவற்றின் நிழலில் காபிச் செடிகள். நடுவில் பலா, ஆரஞ்சு. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற ஆங்கிலேயர், 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர் என்பார்கள். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இங்கே வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைத்துவிட வேண்டாம். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்தில் இருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை. அவர்களின் தெய்வமான சேர்வராயன், மலையின் மிக உயர்ந்த இடத்தில், குனிந்து நுழைகிற குகைக் கோயிலில் காவிரியம்மனோடு இருக்கிறார். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுவட்டார மலைக் கிராமங்கள் எல்லாம் அங்கே கூடும்.

தோட்டத்தின் காவலாளி ஒரு மலையாளிப் பெரியவர். எழுபது வயது இருக்கும். முதல் ஞாயிறு நான் ஊத ஆரம்பித்த ஐந்தாவது நிமிடம் கையில் தடியோடு வந்து நின்றார்.

"பன்னி வெரட்டறீங்களா சாமி?"

"இல்லீங்க ஐயா, பாட்டு வாசிக்கறேன்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "பன்னியும் போயிருச்சுங்க" என்றார்.

ஒட்டிக்கொண்ட சாவி

ஆரம்பத்தில் இணையத்தில் வீடியோக்களைப் பார்த்துத்தான் கற்றேன். கீழுதட்டைப் பல்லின் மேல் லேசாக மடித்து, மேல் பல்லை வாய்ப்பகுதியில் ஊன்றி, ஓரங்களைக் காற்று கசியாமல் மூட வேண்டும். வாய்ப்பகுதியின் அடியில் கட்டியிருக்கும் ஒற்றை நாணல் பட்டைதான் ரீடு. நாகஸ்வரத்தின் சீவாளிக்கு இது ஒன்றுவிட்ட தம்பி. சீவாளியில் நாணல் இரட்டையாக அதிரும், இதில் ஒற்றையாக அதிரும். சாக்ஸபோன் முழுக்கப் பித்தளையாக இருந்தாலும், இந்த நாணலுக்காகத்தான் அதைப் புல்லாங்குழல், கிளாரினெட் குடும்பத்தோடு சேர்க்கிறார்கள்.

முதல் இரண்டு மாதம் ஒரே வேலை: ஒரு சுரத்தைப் பிடித்து, அது ஆடாமல் அசையாமல் நிற்கும்வரை ஊதுவது. நம் பாட்டு வாத்தியார்கள் சொல்லும் அகார சாதகம் மாதிரி. கேட்க ஒன்றுமே இருக்காது. ஊதுகிறவனுக்கு மட்டும் ஒரு நாள் பத்து விநாடி நின்ற சுரம், அடுத்த வாரம் பன்னிரண்டு விநாடி நிற்கிறது என்று தெரியும்.

அப்புறம் நம் கணக்குக்கு வந்தேன். ஆல்ட்டோவில் 'ஸி' என்று விரல் வைத்தால் வெளியே வருவது நம் இரண்டரைக் கட்டை. அதையே ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் சங்கராபரணம் விரலுக்குச் சுலபம். சரளி வரிசைக்கு மாயாமாளவகௌளை எடுத்தபோதுதான் மாட்டிக்கொண்டேன். கீழ் ஸ்தாயியில் சுத்த ரிஷபத்துக்கும் சுத்த தைவதத்துக்கும் வேண்டிய சாவிகள் இரண்டும் இடது கைச் சுண்டுவிரலுக்கு. முப்பது வருடமாகப் பேரேட்டைத் தாங்கிப் பிடிப்பதைத் தவிர வேறு வேலையே செய்யாத விரல் அது.

ஐப்பசி, கார்த்திகையில் தலைச்சோலையில் பனிமூட்டம் ஆளை மறைக்கும். ஒரு ஞாயிறு ஸரிகமப வரை வந்தேன். தைவதம் வரவே இல்லை. எத்தனை அழுத்தியும் பஞ்சமமே கேட்டது. என் விரலைத் திட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் போராடினேன். பிறகு பார்த்தால், ஈரக் காற்றில் அந்தச் சாவியின் தோல் மெத்தை துளையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாக்ஸபோன்களில் அந்தச் சாவி ஒட்டிக்கொள்வதற்கென்றே பெயர் போனது என்று பிறகுதான் படித்தேன். மெல்லிய தாளை மெத்தைக்கும் துளைக்கும் நடுவே வைத்து, லேசாக அழுத்தி ஈரத்தை எடுத்தால் சரியாகிவிடும். குளிரில் வாத்தியத்தின் சுருதியும் இறங்கும். ஊதி ஊதிச் சூடானால் ஏறும். இதையெல்லாம் கற்றுக்கொடுத்தது மலைதான்.

மூச்சைக் கற்றுக்கொடுத்தது பெரியவர். ஒரு நாள் அவரோடு மேட்டில் ஏறும்போது நான் நாலு இடத்தில் நின்றேன். அவர் தோளில் மிளகு மூட்டை. ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

"நீங்க நெஞ்சுல மூச்சு வாங்கறீங்க சாமி. வயித்துல வாங்கோணும். விடறப்ப கொஞ்சம் கொஞ்சமா விடோணும். அவசரப்பட்டா மூட்டை கனக்கும்."

வீடியோவில் இதையே உதரவிதானம், தசை என்று படம் போட்டுப் பல தடவை சொல்லியிருந்தார்கள். மூட்டையோடு ஒருவர் நடந்து காட்டியபோதுதான் எனக்கு ஏறியது. அன்று திரும்பும்போது கொண்டை ஊசி வளைவில் பதினான்கு எண்ணினேன்.

கத்ரியின் பாதை

சாக்ஸபோனைக் கண்டுபிடித்தவர் அடோல்ஃப் சாக்ஸ். 1814-இல் பெல்ஜியத்தின் தினான் ஊரில் பிறந்தவர். 1846-இல் பாரிஸில் காப்புரிமை பெற்றார். ராணுவ பேண்டுகளில் புகுந்து, பிறகு ஜாஸ் இசையின் குரலாகவே ஆகிவிட்ட வாத்தியம் அது. பேண்டு வாத்தியமாகவே நம் ஊருக்கும் வந்தது. அதில் கர்நாடக சங்கீதம் வரும் என்று நினைத்தவர்கள் குறைவு. சுரத்தைச் சுரமாகவே விட்டுவிடாமல் அசைத்து, வழுக்கி, வளைத்துக் கொண்டுபோவது நம் கமகம். சாக்ஸபோனிலோ ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு மூடி, ஒரு சாவி. மூடினால் ஒன்று, திறந்தால் வேறொன்று.

அதை வளைத்துக் காட்டியவர் கத்ரி கோபால்நாத். மங்களூர் பக்கத்தில் நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதில் மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு, இனி இதுதான் என்று முடிவு செய்தார். இந்த வாத்தியத்தில் கர்நாடக இசையைச் சொல்லித்தர அன்று வழிகாட்டி யாரும் இல்லை. மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும், பிறகு சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் சங்கீதம் கற்றார். சங்கீதத்தைக் குருவிடம் வாங்கி, அதை வாத்தியத்தில் எப்படி வரவழைப்பது என்பதைத் தானே தேடிக்கொண்டார். கமகத்துக்கு இடம் தரும்படி வாத்தியத்திலும் சில மாற்றங்களைச் செய்துகொண்டார். முழுமையாக வசப்படச் சுமார் 20 ஆண்டுகள் ஆயின என்பார்கள். 1994-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிபிசி ப்ராம்ஸ் இசை விழாவில் வாசித்தார். அதே ஆண்டுதான் கே. பாலசந்தரின் 'டூயட்' வந்தது. ஏ.ஆர். ரஹ்மான் இசையில், பிரபுவின் கைகளில் நாம் பார்த்த சாக்ஸபோனுக்குப் பின்னால் ஒலித்தது கத்ரியின் மூச்சு. 2004-இல் பத்மஸ்ரீ. 2019 அக்டோபரில் மறைந்தார்.

இதே மாதிரி கிளாரினெட்டைக் கச்சேரி மேடையில் உட்கார வைத்தவர் நம் திருச்சி ஏ.கே.சி. நடராஜன். இன்று லாவண்யா, சுப்புலட்சுமி சகோதரிகளைப் போல சாக்ஸபோனில் கர்நாடகக் கச்சேரி செய்யும் பெண்களும் இருக்கிறார்கள்.

கத்ரியின் 20 ஆண்டுக் கணக்கைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் தொடங்கியது இளமையில். எனக்கு 20 ஆண்டு இருக்கலாம். அம்மாவின் காதுக்கு இல்லை. அப்புறம் நினைத்துக்கொண்டேன், எனக்கு வேண்டியது கச்சேரி இல்லையே. ஐந்து சுரம்தான்.

கற்க நினைப்பவர்களுக்கு

என்னைப் போல நடுவயதில் யாராவது ஆசைப்பட்டால், என் அனுபவத்தில் நாலு வார்த்தை. ஆல்ட்டோவில் தொடங்குங்கள், அளவிலும் எடையிலும் கைக்கு அடங்கும். ரீடுக்கு எண் உண்டு. ஒன்றரை அல்லது இரண்டு எண்ணில் ஆரம்பித்தால் உதடு தாங்கும். பழைய வாத்தியம் வாங்கினால், தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிப்போய்ப் பார்த்து வாங்குங்கள். காற்று கசியும் வாத்தியத்தில் ஊதிவிட்டுத் தன்னைத்தானே திட்டிக்கொள்பவர்கள் அதிகம். வாரத்துக்கு ஒரு நாள் மூன்று மணி நேரத்தைவிடத் தினமும் இருபது நிமிடம் மேல். மலைக்குப் போகாத நாட்களில் நான் மண்டி பூட்டிய பிறகு குடோனில், மூட்டைகளுக்கு நடுவில் ஊதுகிறேன். மூட்டைகள் சத்தத்தை நன்றாகக் குடிக்கும். போனில் பதிவு செய்து கேளுங்கள். வலிக்கும், ஆனாலும் கேளுங்கள். ஊதி முடித்ததும் உள்ளே துணி விட்டு ஈரத்தைத் துடையுங்கள். ரத்த அழுத்தம், குடலிறக்கம், கண் அழுத்தம் போன்ற தொந்தரவு இருப்பவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

காபி பூத்த ஞாயிறு

காபிச் செடி பூப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பங்குனி, சித்திரையில் ஒரு நல்ல மழை பெய்ய வேண்டும். அதிலிருந்து பத்து நாளுக்குள் தோட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகை மாதிரி வாசனை. இரண்டு மூன்று நாளில் எல்லாம் வாடிவிடும். ஏற்காட்டைக் கோடை விழாவுக்காக மே மாதத்தில் பார்க்கிறவர்கள் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

இந்த வருடம் நண்பன் போன் செய்து, "பூத்திருச்சுடா" என்றான். வாடகைக் கார் பிடித்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். மனைவியும் வந்தாள். அம்மா கையில் எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

வெள்ளி ஓக் மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். "மல்லிப்பூ யார் வச்சிருக்கா?" என்று தேடினார். மனைவி ஒரு காபிக் கொத்தை ஒடித்துக் கையில் கொடுத்தாள். பெரியவர் கருப்பட்டிக் காபி கொண்டுவந்தார். அம்மாவுக்கு அவர் பேசுவது புரியவில்லை. அவருக்கு அம்மா ஏன் கத்திப் பேசுகிறார் என்று புரியவில்லை. ஆனாலும் இரண்டு பேரும் முழங்கால் வலியைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள்.

நான் பெட்டியைத் திறந்து, தைவதச் சாவியைத் தாள் வைத்து ஒற்றிவிட்டு, தாலாட்டை எடுத்தேன்.

முதல் அடி சரியாகத்தான் வந்தது. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வாசித்தேன். காபிப் பூவை முகர்ந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது. இரண்டாவது அடியில் பாதி போவதற்குள் அம்மா கையைத் தூக்கினார். கேட்கவில்லையோ என்று எனக்குப் பகீரென்றது.

"அங்க வெடுக்குனு விட்றாத கண்ணு" என்றார். "இழுத்து, ஆட்டி விடணும். புள்ள அப்பதான் தூங்கும்."

காற்றில் கையை வைத்து, தொட்டில் கயிற்றைப் பிடித்து ஆட்டுகிற மாதிரி ஆட்டிக் காட்டினார். நான் மறுபடி வாசித்தேன். "இல்ல, இல்ல" என்றார். பிறகு பாடிக் காட்டினார்.

இரண்டு வருடங்களுக்கு மேலாகப் பாடாதவர். குரல் நடுங்கியது. சுருதி நான் வாசித்ததில் இருந்து கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. நான் உதட்டைத் தளர்த்திச் சுரத்தைக் கீழே இறக்கி, அவர் இருந்த இடத்துக்குப் போனேன். அவர் இழுத்த இடத்தில் இழுத்தேன். அவர் ஆட்டிய இடத்தில் ஆட்டப் பார்த்தேன். எந்த வீடியோவும் எனக்குச் சொல்லித்தராத அசைவு அது.

கத்ரிக்குச் சங்கீதம் தந்த குருவை அப்போது நினைத்துக்கொண்டேன். தானாகவே கற்றுக்கொள்கிறேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். மூச்சைப் பெரியவர் தந்தார், இடத்தை நண்பன் தந்தான், பாட்டை அம்மா தந்தார். நான் தானாகக் கற்றது தாள் வைத்துச் சாவியை ஒற்றுவது ஒன்றுதான் போலிருக்கிறது.

நாலைந்து தடவை பாடினார். நாலைந்து தடவையும் "இல்ல" என்றார். கடைசியில், "பரவால்ல, பாதிப் புள்ள தூங்கிருச்சு" என்றார். மனைவி சிரித்தாள், பெரியவர் சிரித்தார். அம்மாவும் சிரித்தார். இந்த முறை எதற்கென்று அவருக்குத் தெரியும்.

மாலையில் மூட்டம் இறங்குவதற்குள் கிளம்பினோம். இறங்கும் வழியில் நான் பழக்க தோஷத்தில் எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் இருபது எண்ண முடிகிறது. பதினோராவது வளைவில் அம்மா என் பக்கம் திரும்பினார்.

"அந்த ரெண்டாவது அடி எப்ப சரியாகும்?"

"இன்னும் ஒரு வருஷம் ஆகும்மா" என்றேன், காதருகே போய்.

"நாளைக்கேவா? சரி" என்று சொல்லிவிட்டு, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலையில் குளித்து, திண்ணையில் தயாராக உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பரீட்சை முடிந்திருந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு நானும் திண்ணைக்கு வந்தேன்.